இரட்டைத் தொழிலின் விலை: பழைய டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸில் மல்டிகிளாஸ் விதிகள்

ஒரே பாத்திரம் வாளும் சுழற்றி மந்திரமும் போடலாமா? போடலாம் என்றால் அதற்கு என்ன விலை கொடுக்க வேண்டும்? மேசையைச் சுற்றி உட்கார்ந்து, பகடை உருட்டி, கூட்டாகக் கதை வளர்க்கும் ரோல்பிளேயிங் விளையாட்டுகள் பிறந்த நாளிலிருந்து இந்தக் கேள்வியும் கூடவே வருகிறது. 1974இல் வெளியான டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் இதற்கு ஒரு பதில் சொன்னது. அடுத்த பதினைந்து ஆண்டுகளில் அதே விளையாட்டு நான்கைந்து பதில்களை முயன்று பார்த்தது. 2000இல் வந்த மூன்றாம் பதிப்பு அவை அனைத்தையும் ஒதுக்கிவிட்டுப் புதிதாகத் தொடங்கியது. அதன் பின்னர், பழைய விதிகளின் மேல் பற்றுக்கொண்டவர்கள் அவற்றை மீண்டும் எடுத்துத் தூசு தட்டி, திருத்தி, அச்சிட்டு வருகிறார்கள். இந்த ஐம்பது ஆண்டு முயற்சிகளை ஒருசேர வைத்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

புதியவர்களுக்காகச் சில அடிப்படைகள். ஒவ்வொரு ஆட்டக்காரரும் ஒரு பாத்திரத்தை ஏற்று ஆடுகிறார். அந்தப் பாத்திரத்தின் தொழில்தான் கிளாஸ்: போர்வீரன், மந்திரவாதி, மதகுரு, திருடன் என்பவை பழைய நான்கு தூண்கள். சாகசங்களில் ஈட்டும் அனுபவப் புள்ளிகள் குறிப்பிட்ட எண்ணிக்கையைத் தொடும்போது பாத்திரம் அடுத்த லெவலுக்கு உயரும். மனிதரோடு எல்ஃப், டுவார்ஃப், ஹாஃப்லிங் போன்ற இனங்களும் உண்டு. போர்வீரன் முன்னால் நின்று அடி வாங்குவான்; மந்திரவாதி பின்னால் நின்று ஒரே மந்திரத்தில் ஆட்டத்தையே திருப்புவான்; மதகுரு காயம் ஆற்றுவார்; திருடன் பூட்டையும் பொறியையும் கவனிப்பான். ஒருவருக்கு மற்றவர் தேவை என்பதால்தான் நான்கைந்து பேர் சேர்ந்து ஆடுவதற்கு அர்த்தம் இருக்கிறது. எல்லா வேலையையும் ஒருவரே செய்துவிட்டால் மற்றவர்கள் வேடிக்கை பார்க்க வேண்டியதுதான்.

எனவே மல்டிகிளாஸை, அதாவது இரண்டு கிளாஸ்களைச் சேர்த்துக்கொள்வதை, அனுமதிக்கும் எந்த விதியும் ஒரு விலையை வைத்தாக வேண்டும். பழைய விதிப் புத்தகங்களைப் பற்றிய விவாதங்கள் பெரும்பாலும் அந்த விலை அதிகமா குறைவா என்பதிலேயே சுற்றுகின்றன. அதைவிட முக்கியமான கேள்வி, அந்த விலை எப்போது வசூலிக்கப்படுகிறது என்பது. பாத்திரத்தை உருவாக்கும்போதா, ஆடும் காலம் முழுவதுமா, இல்லை கடைசியிலா? எந்த விதி மேசையில் நன்றாக நடந்தது, எது சண்டையில் முடிந்தது என்பதைப் பெரிதும் இதுவே தீர்மானித்திருக்கிறது.

1974: எல்ஃபின் இரு முகம்

கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் எழுதி, விஸ்கான்சின் மாநிலத்தின் லேக் ஜெனீவாவிலிருந்து டி.எஸ்.ஆர். வெளியிட்ட முதல் பதிப்பு மூன்று சிறு புத்தகங்கள் கொண்டது. அதில் கிளாஸ்களும் மூன்றுதான்: போர்வீரன், மந்திரவாதி, மதகுரு. டுவார்ஃபும் ஹாஃப்லிங்கும் போர்வீரனாக மட்டுமே இருக்கலாம். எல்ஃபுக்கு மட்டும் ஒரு தனிச் சலுகை. போர்வீரனாகவோ மந்திரவாதியாகவோ தொடங்கி, ஒரு சாகசத்துக்கும் அடுத்த சாகசத்துக்கும் இடையே விரும்பியபடி மாறிக்கொள்ளலாம். ஓர் ஆட்டத்தின் நடுவே மாறக் கூடாது. உச்சவரம்பு, போர்வீரனாக 4ஆம் லெவல், மந்திரவாதியாக 8ஆம் லெவல்.

அதே பத்தி, எல்ஃப் ஆயுதமும் மந்திரமும் இரண்டையும் பயன்படுத்தலாம், மந்திரக் கவசம் அணிந்தபடியே மந்திரவாதியாகச் செயல்படலாம் என்றும் சொல்கிறது. அப்படியானால் ஒரு நாளைக்கு ஒரு தொழிலா, இரண்டுமா? ஈட்டிய அனுபவப் புள்ளி எந்தக் கணக்கில் சேரும்? புத்தகம் இதை விளக்கவில்லை. ஒவ்வொரு மேசையும் தனக்குத் தோன்றியபடி பொருள் கொண்டது. பின்னால் வந்த மல்டிகிளாஸ் விதிகள் எல்லாமே இந்த ஒரு பத்தியின் தெளிவின்மைக்கு எழுதப்பட்ட உரைகள் என்று கூடச் சொல்லலாம்.

மனிதருக்கும் ஒரு சிறு வழி இருந்தது. கிளாஸ் மாறுவதைப் பரிந்துரைக்கவில்லை என்று சொல்லிவிட்டு, மாறியே தீர வேண்டுமென்றால் புதிய கிளாஸுக்குரிய முதன்மைப் பண்பில் (பலம், அறிவு போன்று பகடை உருட்டி நிர்ணயிக்கும் எண்களில் ஒன்று) 16 அல்லது அதற்கு மேல் இருக்க வேண்டும் என்றது விதி. மூன்று பகடை உருட்டி 16 அல்லது அதற்கு மேல் வருவதற்கான வாய்ப்பு 216இல் 10. மந்திரவாதி மதகுருவாகவோ, மதகுரு மந்திரவாதியாகவோ மாற வழியே கிடையாது. ஆக, முதல் புத்தகத்திலேயே விலையின் இரண்டு வடிவங்கள் வந்துவிட்டன. மனிதருக்கு நுழைவாயிலில், எல்ஃபுக்குக் கடைசியில்.

புள்ளிகளைப் பங்கிடும் யோசனை

1975இல் கைகாக்ஸும் ராபர்ட் குன்ட்ஸும் எழுதிய கிரேஹாக் துணைநூல் திருடன் என்ற கிளாஸைக் கொண்டுவந்தது. அதோடு ஒரே சமயத்தில் இரண்டு மூன்று தொழில் செய்யும் எல்ஃபும் அரை எல்ஃபும் வந்தார்கள். மாறி மாறி ஆடும் குழப்பத்துக்குப் பதிலாக, ஈட்டிய புள்ளிகளைத் தொழில்களுக்குள் சமமாகப் பங்கிட்டார்கள். 1977இல் எரிக் ஹோம்ஸ் தொடக்கநிலையாளர்களுக்காகத் தொகுத்த பெட்டிப் பதிப்பிலும் எல்ஃப் ஒரே நேரத்தில் போர்வீரனும் மந்திரவாதியுமாக இருந்து புள்ளிகளைப் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொள்கிறது.

1978இல் வந்த அட்வான்ஸ்டு டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் இதை முழுமையான முறையாக்கியது. மல்டிகிளாஸ் மனிதரல்லாத இனங்களுக்கு மட்டும் என்று கோடு போட்டது. எந்த இனத்துக்கு எந்தச் சேர்க்கை என்றும் பட்டியலிட்டது. டுவார்ஃபும் ஹாஃப்லிங்கும் போர்வீரன்–திருடன் ஆகலாம். எல்ஃப் போர்வீரன்–மந்திரவாதி–திருடன் என்று மூன்று தொழில்வரை போகலாம். நோம் இனத்துக்கு மாயவித்தைக்காரனோடு சேரும் வழிகள். அரை எல்ஃபுக்கு மதகுருவும் மந்திரவாதியும் சேரும் வழி. அரை ஆர்க்குக்கு மதகுருவும் கொலையாளியும் சேரும் விசித்திரமான வழி.

கணக்கு இப்படி நடக்கும். ஈட்டும் புள்ளிகள் தொழில்களுக்குள் சமமாகப் பிரியும். ஒவ்வொரு தொழிலும் தன் அட்டவணைப்படி உயரும். பாத்திரம் எவ்வளவு அடி தாங்கும் என்பதைக் காட்டும் உயிர்ப்புள்ளிக்கு இரண்டு தொழில்களின் பகடையும் உருட்டிக் கூட்டி இரண்டால் வகுக்க வேண்டும். போர்வீரனுக்குப் பத்துப் பக்கப் பகடை, சராசரி 5.5. மந்திரவாதிக்கு நான்கு பக்கப் பகடை, சராசரி 2.5. இரண்டும் சேர்ந்த எல்ஃபுக்குச் சராசரி 4. முன்வரிசையில் நிற்கும் எல்ஃப் ஒவ்வொரு லெவலிலும் மனிதப் போர்வீரனைவிட ஒன்றரைப் புள்ளி பின்தங்குகிறது.

பாதிப் பாதியாகப் பிரித்தால் பாத்திரம் பாதி வலிமையோடு நின்றுவிடும் என்றே முதலில் தோன்றும். உண்மை வேறு. பழைய அட்டவணைகளில் ஒரு லெவல் ஏறத் தேவையான மொத்தப் புள்ளிகள் கிட்டத்தட்ட இரட்டித்துக்கொண்டே போகின்றன. போர்வீரனுக்கு 2ஆம் லெவல் 2,001 புள்ளியில், 3ஆம் லெவல் 4,001இல், 4ஆம் லெவல் 8,001இல். இரட்டிக்கும் ஏணியில் பாதிப் புள்ளி என்றால் ஒரு படி குறைவு, அவ்வளவுதான்.

மூன்று பாத்திரங்கள் தலா 80,000 புள்ளி ஈட்டியதாக வைத்துக்கொள்வோம். மனிதப் போர்வீரன் 70,001ஐத் தாண்டி 7ஆம் லெவலில் இருப்பான். மனித மந்திரவாதியும் 60,001ஐத் தாண்டி 7ஆம் லெவல். எல்ஃபுக்குத் தொழிலுக்கு 40,000 வீதம்: போர்வீரனாக 6, மந்திரவாதியாக 5. போர்வீரனைவிட ஒரு லெவல், மந்திரவாதியைவிட இரண்டு லெவல் குறைவு. ஆனால் 5ஆம் லெவல் மந்திரவாதிக்கு நெருப்புப் பந்து மந்திரம் கைவந்துவிடும். அதைக் கவசம் அணிந்தபடி, கையில் வாளோடு போடுகிறது இந்த எல்ஃப். போர்வீரன்–மந்திரவாதிக்கு அந்தப் பதிப்பு கவசத்தை அனுமதித்தது. இதற்கு மேல் எல்ஃப் என்பதாலேயே கிடைக்கும் இருட்டில் பார்க்கும் கண்ணும், மயக்கு மந்திரங்களுக்கு எதிரான தாங்குசக்தியும் தனி.

இந்தக் கணக்கைக் கையால் போட்டுப் பார்த்தால்தான் கைகாக்ஸ் எதைக் கண்டு கவலைப்பட்டார் என்பது விளங்கும். வழிநெடுக வசூலிக்கப்படும் விலை நியாயமானது, ஆனால் லேசானது. மீதியை எங்காவது வாங்க வேண்டியிருந்தது. அதை அவர் கடைசியில் வாங்கினார்.

மனிதருக்கான குறுகிய வழி

அதே 1978 புத்தகம் மனிதருக்கு வேறொரு முறையை வைத்தது. ஆட்டக்காரர்கள் இதை டூயல் கிளாஸ் என்பார்கள். ஒரு தொழிலில் சில லெவல் உயர்ந்தபின் அதை விட்டுவிட்டு இன்னொன்றில் 1ஆம் லெவலிலிருந்து தொடங்கலாம். பழைய தொழிலின் முதன்மைப் பண்பில் 15, புதிய தொழிலின் முதன்மைப் பண்பில் 17 தேவை. மூன்று பகடையில் 17 அல்லது அதற்கு மேல் விழுவது 54 தடவைக்கு ஒரு தடவை. நான்கு உருட்டிச் சிறியதை நீக்கும் தாராளமான முறையிலும் நூற்றுக்கு ஆறு தடவைகூட இல்லை. விட்ட தொழிலுக்குத் திரும்பி அதில் மேலும் உயர முடியாது.

நுழைவாயில் விலை இது. இதைவிடச் சுவையானது அடுத்துவரும் இடைக்காலம். 7ஆம் லெவல் போர்வீரன் ஒருத்தி மந்திரவாதியாக மாறுகிறாள் என்று கொள்வோம். போர்வீரனாக அவள் சேர்த்த உயிர்ப்புள்ளிகள் அப்படியே இருக்கும். மந்திரவாதியாக 8ஆம் லெவலை, அதாவது 90,001 புள்ளியை, எட்டும்வரை புதிதாக உயிர்ப்புள்ளி சேராது. அதுவரை அவள் பழைய வாள்திறனைப் பயன்படுத்தினால் அந்தச் சாகசத்துக்கு அவளுக்கு அனுபவப் புள்ளியே கிடையாது.

குகைக்குள் ஆட்டம் இறுகும் தருணத்தில் இந்த விதியின் அருமை தெரியும். அவளுடைய ஒரே மந்திரம் தீர்ந்துவிட்டது. முன்னால் நிற்கும் மதகுரு விழுந்துவிட்டார். ஓகர் என்னும் அரக்கன் அடுத்தவனை நோக்கி நகர்கிறது. கீழே ஒரு வாள் கிடக்கிறது. அதை எப்படிப் பிடிப்பது என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். எடுத்தால் தோழன் பிழைப்பான், வார இறுதிகளாகத் தவம் போல் சேர்க்கும் புள்ளிகளில் இன்றைய பங்கு போகும். எடுக்காவிட்டால் தொழில் வளரும், தோழன் சாவான். ஒரு கணக்கு விதி இங்கே நாடகமாக மாறுகிறது. பழக்கத்தை விட்டுப் புதியது கற்பவர் எவரும் அறிந்த இழுபறி இது. பழைய விதிகளிலேயே கதைக்கு மிக நெருக்கமானது இதுதான் என்பது என் உறுதியான எண்ணம்.

இந்த முறையின் இலக்கிய வேரும் தெளிவு. 1979இல் வந்த டன்ஜன் மாஸ்டர் கையேட்டின் பின்னிணைப்பு ஒன்றில் கைகாக்ஸ் தன்னை ஊக்குவித்த எழுத்தாளர்களைப் பட்டியலிட்டார். அவர்களில் ராபர்ட் ஹவர்டும் ஃபிரிட்ஸ் லைபரும் உண்டு. ஹவர்டின் கோனன் இளமையில் திருடன், பின்னர் போர்வீரன், அரசன். லைபரின் கிரே மௌசர் ஒரு சிறு மந்திரவாதியிடம் சீடனாக இருந்து, பிறகு வாளும் திருட்டுமாக வாழ்ந்தவன். வாழ்க்கையின் ஒரு கட்டத்தை முடித்து இன்னொன்றுக்குள் போகும் மனிதர்கள் இவர்கள். நூற்றாண்டுகள் வாழும் எல்ஃப் இரண்டையும் சேர்த்துக் கற்கும், மனிதன் ஒன்றை விட்டுத்தான் இன்னொன்றைப் பிடிப்பான் என்ற பிரிவினை அந்த உலகத்துக்குப் பொருந்தியே வருகிறது.

1978 பதிப்பின் பாணர் கிளாஸ் இதன் உச்சம். போர்வீரனாக 5ஆம் லெவலையாவது தொட்டு, 8ஐ எட்டுமுன் விட்டு, திருடனாகி, அதையும் குறித்த இடைவெளிக்குள் விட்டு, துரூயிட் என்னும் இயற்கைப் பூசாரிகளிடம் பயின்ற பிறகே பாணராகலாம். பலம், ஞானம், லாவகம், வசீகரம் நான்கிலும் 15 வேண்டும். படிக்க அழகான விதி. ஆனால் விலை முழுவதையும் முன்கூட்டியே கேட்கும் விதி என்ன ஆகும் என்பதற்கும் இதுவே சான்று. பாணராக ஆட விரும்பியவர் முதலில் நெடுங்காலம் வேறு யாராகவோ ஆட வேண்டியிருந்தது. 1989இல் இரண்டாம் பதிப்பு பாணரை 1ஆம் லெவலிலிருந்தே ஆடக்கூடிய சாதாரணக் கிளாஸாக மாற்றியது.

லெவல் வரம்பு: கடைசியில் வரும் விலை

இந்தத் துறையிலேயே அதிகம் சர்ச்சைக்குள்ளானது மனிதரல்லாதோருக்கான லெவல் வரம்பு. 1978 விதிப்படி எல்ஃப் போர்வீரனாக 7ஆம் லெவலைத் தாண்ட முடியாது. அந்த 7க்கே பலம் 18 வேண்டும். 17 என்றால் 6, அதற்கும் கீழ் என்றால் 5. மந்திரவாதியாக உச்சம் 11, அதற்கு அறிவு 18 வேண்டும். திருடனாக மட்டும் வரம்பில்லை. மனிதருக்கு எந்தத் தொழிலிலும் இப்படி இனத்தால் வரும் தடை கிடையாது.

இதற்கு கைகாக்ஸ் சொன்ன காரணத்தை மதித்தே ஆக வேண்டும். மனிதரை மையமாகக் கொண்ட உலகம்தான் ஆட்டக்காரருக்குப் பிடிபடும், அதில்தான் ஆட்டத்தை நடத்துபவர் நகரங்களையும் அரசுகளையும் நம்பும்படி கட்டமைக்க முடியும் என்று 1979 கையேட்டில் வாதிட்டார். நெடுங்காலம் வாழ்ந்து, இருட்டில் பார்த்து, இரண்டு தொழிலையும் சேர்த்துச் செய்யும் இனங்களுக்கு வரம்பே இல்லையென்றால், அந்த உலகை மனிதர்கள் ஏன் ஆளுகிறார்கள் என்ற கேள்வி எழும். கேள்வி நியாயமானது. பதில்தான் தவறான இடத்தில் விழுந்தது.

15 லட்சம் புள்ளி ஈட்டும்வரை ஒரு குழு தொடர்ந்து ஆடியதாக வைத்துக்கொள்வோம். மனிதப் போர்வீரன் 13ஆம் லெவலில் இருப்பான். எல்ஃபோ மிகச் சிறந்த பண்புகள் இருந்தாலும் போர்வீரனாக 7, மந்திரவாதியாக 11. அங்கேயே நின்றுவிடும். இனி அதற்குக் கிடைக்கும் புள்ளிகள் எதற்கும் உதவா. முந்தைய கணக்கில் 80,000 புள்ளியில் குழுவிலேயே பலசாலியாக இருந்த அதே எல்ஃப், இப்போது தோழர்கள் வளர்வதைப் பார்த்துக்கொண்டு மட்டும் இருக்கிறது. சமநிலை என்பது ஒரே மேசையில், ஒரே மாலையில் எல்லோருக்கும் ஈடுபாடு இருப்பது. முதல் பாதியில் ஒருவருக்குக் கூடுதலாகவும் பிற்பாதியில் ஒன்றுமில்லாமலும் கொடுத்துவிட்டுச் சராசரி பார்த்தால் அது சமநிலை ஆகாது.

பெரும்பாலான குழுக்கள் அத்தனை தூரம் ஆடுவதுமில்லை. அவர்களுக்கு இந்த வரம்பு இருந்தும் இல்லாத மாதிரி. எல்ஃபின் நன்மை முழுவதையும் அனுபவித்துவிட்டு, விலை கேட்கப்படும் முன்பே ஆட்டம் முடிந்துவிடுகிறது. ஆக, குறுகிய காலம் ஆடும் குழுவில் வரம்பு எதையும் தடுப்பதில்லை. நெடுங்காலம் ஆடும் குழுவில் ஒருவரை நொறுக்கிவிடுகிறது. நடுவழி இதற்கு இல்லை.

இன்னொரு குறையும் உண்டு, இது அதிகம் பேசப்படுவதில்லை. வரம்பு இரட்டைத் தொழிலுக்கான விலை என்றால், ஒற்றைத் தொழிலோடு நிற்பவருக்கு அது ஏன்? கோடரி ஏந்திய டுவார்ஃப் போர்வீரன் வேறெந்தத் தொழிலையும் ஆசைப்படவில்லை. ஆனால் பலம் 18 இருந்தாலும் அவனுக்கும் 9ஆம் லெவலோடு சரி. விதியே ஆட்டக்காரரை இரட்டைத் தொழிலை நோக்கித் தள்ளுகிறது: எப்படியும் ஓரிடத்தில் நிற்கப் போகிறோம், இரண்டையும் எடுத்துக்கொள்வோமே என்று. கட்டுப்படுத்த வந்த விதி, கட்டுப்படுத்த வேண்டியதையே ஊக்குவித்தது. 1985இல் வந்த அன்எர்த்டு ஆர்கானா நூல் வரம்புகளை உயர்த்தியது. 1989இன் இரண்டாம் பதிப்பு மேலும் உயர்த்தி எல்ஃப் போர்வீரனுக்கு 12, மந்திரவாதிக்கு 15 என்று வைத்தது. வரம்பைத் தளர்த்தும் விருப்ப விதிகளையும் தந்தது. ஒவ்வொரு திருத்தமும் விலையின் அளவைத்தான் மாற்றியது. வசூலிக்கும் நேரத்தை யாரும் தொடவில்லை.

கணினி விளையாட்டுகள் இதை அப்பட்டமாகக் காட்டின. எஸ்.எஸ்.ஐ. நிறுவனம் 1988இல் வெளியிட்ட பூல் ஆஃப் ரேடியன்ஸில் போர்வீரன் 8ஆம் லெவல், மந்திரவாதி 6ஆம் லெவல்வரைதான் உயர முடியும். அந்த எல்லைக்குள் எல்ஃபின் வரம்பு ஏறக்குறைய உறைக்கவே உறைக்காது. ஆனால் அதே குழுவை அடுத்தடுத்த தொடர்ச்சிகளுக்குக் கொண்டுபோய் 1991இன் பூல்ஸ் ஆஃப் டார்க்னஸ்வரை ஆட நினைப்பவர், முதல் நாளே மனிதரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். முதல் ஆட்டத்தில் சரியான தேர்வு நான்காம் ஆட்டத்தில் தவறாகிறது. அதை முன்கூட்டியே சொல்ல விதியில் எதுவும் இல்லை.

எல்ஃபே ஒரு கிளாஸ்

இதே காலத்தில் டி.எஸ்.ஆர். வெளியிட்ட எளிய வரிசை முற்றிலும் வேறு பாதையில் போனது. 1981இல் டாம் மோல்ட்வே தொகுத்த பேசிக் பெட்டியில் எல்ஃப், டுவார்ஃப், ஹாஃப்லிங் மூன்றும் தனித்தனிக் கிளாஸ்களாகிவிட்டன. எல்ஃப் என்றாலே வாளும் மந்திரமும் தெரிந்தவர். கவசம் அணிந்து மந்திரம் போடலாம். உயிர்ப்புள்ளிக்கு ஆறு பக்கப் பகடை. 2ஆம் லெவலுக்கு 4,000 புள்ளி. அதே இடத்துக்குப் போர்வீரனுக்கு 2,000, மந்திரவாதிக்கு 2,500 போதும்.

புள்ளியைப் பிரிக்கும் வேலை இல்லை, இரண்டு அட்டவணைகளைப் புரட்ட வேண்டியதில்லை. விலை ஒரே எண்ணுக்குள் அடங்கி, முதல் நாளிலிருந்து கடைசி நாள்வரை சீராக வசூலாகிறது. போர்வீரன் 2ஆம் லெவல் ஏறிக் கொண்டாடும் மாலையில் எல்ஃப் ஆட்டக்காரர் இன்னும் பாதி வழியில் இருக்கிறார்; அடுத்த மாதங்களிலும் ஏறக்குறைய ஒரு லெவல் பின்னால்தான் வருகிறார். அந்தப் பின்தங்கலே விலை என்பது எல்லோர் கண்ணுக்கும் தெரிகிறது. எல்ஃபுக்கு 10ஆம் லெவல் வரம்பு இங்கேயும் உண்டு. ஆனால் 10ஆம் லெவலுக்கே 6 லட்சம் புள்ளி வேண்டும் என்பதால் அங்கே போய்ச் சேருமுன் விலை பெருமளவு கட்டப்பட்டிருக்கும்.

இதன் மேல் வைக்கப்படும் குறை நியாயமானது. எல்லா எல்ஃபும் ஒரே அச்சில் வார்த்தது போல ஆகிவிடுகிறது. திருடனான எல்ஃபோ மதகுருவான டுவார்ஃபோ வேண்டுமென்றால் வழியில்லை. மறுபுறம், ஓர் இனத்தின் பண்பாடு முழுவதையும் ஒரே கிளாஸில் காட்ட முடிந்தது. புதியவர் ஒருவர் பத்து நிமிடத்தில் பாத்திரம் தயாரித்து ஆட உட்கார முடிந்தது. 1980களில் ஏராளமான சிறுவர்கள் இந்தப் பெட்டி வழியாகவே இந்த விளையாட்டுக்குள் நுழைந்தார்கள் என்பதை வைத்துப் பார்த்தால் அது சிறிய சாதனை இல்லை.

இரண்டாம் பதிப்பின் திருத்தங்கள்

டேவிட் குக் தலைமையில் 1989இல் வந்த இரண்டாம் பதிப்பு, மல்டிகிளாஸையும் டூயல் கிளாஸையும் அடிப்படையில் அப்படியே வைத்துக்கொண்டு, வழிநெடுக வசூலாகும் விலையைக் கொஞ்சம் கூட்டியது. மந்திரவாதியோடு சேர்ந்த எந்தக் கிளாஸும் சாதாரணக் கவசத்தில் மந்திரம் போட முடியாது. எல்ஃப்களின் மெல்லிய சங்கிலிக் கவசம் மட்டுமே விதிவிலக்கு. போர்வீரனோடு சேர்ந்த மதகுரு கூர்முனை ஆயுதம் ஏந்த முந்தைய பதிப்பு விட்டது; இது தடுத்தது. இவை நல்ல திருத்தங்கள். ஒவ்வொரு சண்டையிலும் ஆட்டக்காரர் ஒரு தெரிவைச் செய்ய வேண்டியிருந்தது: கவசமா, மந்திரமா?

இந்த விதிகளை உலகெங்கும் கொண்டுசேர்த்தது பயோவேர் உருவாக்கிய பால்டர்ஸ் கேட். 1998இல் வந்த முதல் ஆட்டத்தில் திருடியாக அறிமுகமாகும் இமோயென், 2000இல் வந்த இரண்டாம் ஆட்டத்தில் மந்திரவாதியாக டூயல் கிளாஸ் ஆகியிருப்பாள். ஜஹீரா போர்வீரன்–துரூயிட் மல்டிகிளாஸ் அரை எல்ஃப். விதிப் புத்தகத்தைத் தொட்டே பார்த்திராத பல லட்சம் பேர் இந்த இருவர் வழியாக இரண்டு முறைகளின் வேறுபாட்டையும் கற்றுக்கொண்டார்கள். இனத்துக்கான லெவல் வரம்பை அந்த விளையாட்டு விட்டுவிட்டது. அதனால் எதுவும் இடிந்து விழுந்துவிடவில்லை.

கட்டுகள் அவிழ்ந்த பிறகு

1997இல் விசார்ட்ஸ் ஆஃப் த கோஸ்ட் நிறுவனம் டி.எஸ்.ஆரை வாங்கியது. 2000இல் வந்த மூன்றாம் பதிப்பில் எந்த இனமும் எந்தக் கிளாஸையும் எடுக்கலாம், லெவல் வரம்பு கிடையாது, ஒவ்வொரு லெவல் ஏறும்போதும் விரும்பிய கிளாஸில் ஒரு படி சேர்த்துக்கொள்ளலாம். தாராளமான விதி என்று வரவேற்கப்பட்டது. மேசையில் அது இரண்டு வகையாகத் திரும்பியது.

சண்டைக்காரக் கிளாஸ்களை எடுப்பவர்கள் ஒவ்வொன்றிலும் முதல் ஓரிரு லெவலின் சலுகைகளை மட்டும் பொறுக்கிச் சேர்த்தார்கள். மந்திரக்காரர்களுக்கோ நேர்மாறு. புதிய அட்டவணையில் லெவல் உயர உயரத் தேவைப்படும் புள்ளிகள் இரட்டிப்பதில்லை, சீராகக் கூடுகின்றன. 1ஆம் லெவலிலிருந்து 2க்கு 1,000, அடுத்ததற்கு 2,000, அதற்கடுத்து 3,000. அதனால் ஐந்து லெவல் போர்வீரனாகவும் ஐந்து லெவல் மந்திரவாதியாகவும் இருப்பவருக்கு மூன்றாம் படி மந்திரங்கள்தான் கிடைக்கும். அதே புள்ளிகளில் 10ஆம் லெவல் மந்திரவாதியாக நிற்கும் தோழர் ஐந்தாம் படி மந்திரங்களைப் போடுவார். 1978 கணக்கில் 80,000 புள்ளியில் நம் எல்ஃபுக்கு மூன்றாம் படி, மந்திரவாதிக்கு நான்காம் படி என்பதை நினைத்துப் பாருங்கள். 2003 திருத்தப் பதிப்பில் எல்ட்ரிச் நைட், மிஸ்டிக் தியர்ஜ் போன்ற சிறப்புக் கிளாஸ்களைச் சேர்த்து இந்த இடைவெளியை அடைக்க வேண்டியிருந்தது.

பழைய முறையின் உயிர்நாடி எது என்பதை இந்த அனுபவமே காட்டிக்கொடுத்தது. இரட்டிக்கும் அட்டவணை இருந்ததால்தான் புள்ளியைப் பிரிப்பது தாங்கக்கூடிய விலையாக இருந்தது. அட்டவணையை மாற்றியவர்கள் அதன் மேல் நின்ற விதியும் சரிந்துவிடும் என்பதைக் கவனிக்கவில்லை. 2014இல் ஐந்தாம் பதிப்பு மல்டிகிளாஸை விருப்ப விதியாக்கி, பழைய தொழிலுக்கும் புதிய தொழிலுக்கும் உரிய பண்புகளில் 13 வேண்டும் என்று நிபந்தனை வைத்தது. கைகாக்ஸின் 15, 17 வாசற்படி மிகவும் தாழ்ந்து திரும்பி வந்ததையே அதில் பார்க்கிறோம்.

மீட்டெடுத்தவர்களின் தெரிவு

2006இல் ஆஸ்ரிக், 2007இல் லேபிரின்த் லார்டும் பேசிக் ஃபேன்டஸியும், 2008இல் சோர்ட்ஸ் அண்ட் விசார்ட்ரி, 2019இல் ஓல்டு ஸ்கூல் எசென்ஷியல்ஸ் என்று பழைய விதிகளின் மறுபதிவுகள் வரிசையாக வந்தன. இவற்றை எழுதியவர்கள் பல பத்தாண்டு அனுபவத்தோடு தெரிவு செய்கிறார்கள் என்பதால் அவர்களின் முடிவுகளுக்குத் தனி எடை உண்டு.

ஆஸ்ரிக் 1978 முறையை வரம்புகளோடு அப்படியே காத்தது. ஓல்டு ஸ்கூல் எசென்ஷியல்ஸ் 1981 பாதையில் எல்ஃபைக் கிளாஸாக வைத்தது. அதன் அட்வான்ஸ்டு வடிவம் மல்டிகிளாஸையும், மனிதரல்லாதோருக்கான கட்டுப்பாடுகளை நீக்குவதையும் விருப்ப விதிகளாகத் தந்தது. கிறிஸ் கானர்மேனின் பேசிக் ஃபேன்டஸி என்னை மிகவும் கவர்ந்த பதிலைச் சொன்னது. அங்கே இனத்துக்கான லெவல் வரம்பே கிடையாது. எல்ஃப் போர்வீரன்–மந்திரவாதி ஆகலாம். ஒவ்வொரு லெவலுக்கும் இரண்டு தொழில்களின் தேவையையும் கூட்டிக் கட்ட வேண்டும். 2ஆம் லெவலுக்கு 2,000உம் 2,500உம் சேர்த்து 4,500. விலை முழுவதும் வெளிப்படை, முழுவதும் வழிநெடுக. மனிதருக்கு ஈடாக அனுபவப் புள்ளியில் நூற்றுக்குப் பத்துக் கூடுதல். மனிதரை மையமாக வைக்க வேண்டும் என்ற கைகாக்ஸின் நோக்கம், பிறரைத் தடுத்து நிறுத்தாமல் மனிதருக்குக் கொடுப்பதன் மூலம் நிறைவேறுகிறது.

சொந்த மேசைக்கு என்ன எடுத்துக்கொள்வது?

இன்று பழைய பாணியில் ஆட்டம் நடத்த நினைப்பவர் இந்த வரலாற்றிலிருந்து சில தெளிவான முடிவுகளுக்கு வரலாம்.

முதலாவது, கட்டுப்பாடு தேவை. அதைக் கைவிட்ட பதிப்புகளில் கிளாஸ் என்பது சலுகைகளின் கடையாகிவிட்டது. தோழர்கள் ஒருவரையொருவர் நம்பியிருக்கும் நிலை தளர்ந்தது.

இரண்டாவது, விலையை ஆடும் காலம் முழுவதும் பரப்பி வசூலிக்க வேண்டும். கூட்டிய புள்ளித் தேவை, பங்கிட்ட உயிர்ப்புள்ளி, கவசமா மந்திரமா என்ற தெரிவு மூன்றும் அந்த வகை. ஒவ்வொரு வாரமும் எல்லோருக்கும் தெரியும்படி கட்டப்படும் விலையை யாரும் அநியாயம் என்பதில்லை.

மூன்றாவது, லெவல் வரம்பை விட்டுவிடலாம். மனிதர் ஏன் உலகை ஆளுகிறார்கள் என்பதற்கு உலகின் கதையில் பதில் தேட வேண்டும். ஒரு தோழியின் பாத்திரத்தை ஓரிடத்தில் நிறுத்தி அந்தப் பதிலைச் சொல்லக் கூடாது. வரம்பை நீக்கும்போது மனிதருக்கு ஏதேனும் ஒன்றைக் கொடுப்பது அவசியம், இல்லையென்றால் மேசையில் மனிதரே இருக்கமாட்டார்கள்.

நான்காவது, டூயல் கிளாஸைக் காப்பாற்ற வேண்டும். 17 என்ற வாசற்படியைத் தாராளமாகத் தாழ்த்தலாம். ஆனால் பழைய திறனைத் தொட்டால் அன்றைய புள்ளி போகும் என்ற விதியைத் தொடக் கூடாது. அந்த விலையை எப்போது கட்டுவது என்பதை ஆட்டக்காரரே, அந்த நொடியின் நெருக்கடியில் முடிவு செய்கிறார். அரை நூற்றாண்டில் எழுதப்பட்ட மல்டிகிளாஸ் விதிகளில், கணக்கை மட்டும் சமன் செய்யாமல் பாத்திரம் யார் என்பதையும் சொல்லவைத்தது அது ஒன்றுதான்.